யார் விளைத்த காய்?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பர் நம் முன்னோர். இப்பழமொழியின் பொருளை நாம் நன்கு உணர்ந்துகொண்டது ஏட்டில் அன்று. நம் ஊர் உழவர் சந்தையின் கூரைக்கீழ், விடிந்தும் விடியாத பொழுதில்தான்.

உழவர் சந்தைகளின் வரலாறு நம்மில் பலர் கண்ணால் கண்டதே. பஞ்சாபில் 1987-இல் தொடங்கிய ‘அப்னி மண்டி’, ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தொடங்கிய ‘ரைத்து பஜார்’ ஆகியவற்றின் வழியில், 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. மிகக் குறுகிய காலத்திலேயே அவற்றின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. 2001-இல் ஆட்சி மாறிய பின் அவற்றுள் பல கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன. அவற்றின் அடிப்படை விதி எளியது: விளைத்தவரே விற்க வேண்டும். நிலம் உண்டு, பயிர் உண்டு என்று அலுவலர்கள் சான்றளித்த பின்னரே உழவருக்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கப்படும். கடைக்கு வாடகை இல்லை. விலை நாள்தோறும் காலையில் பலகையில் எழுதப்படும்.

அச்சந்தையில் நாம் வழக்கமாகக் காய்கறி வாங்குவது ஒரு கைம்பெண்ணிடம். ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். கத்தரி, வெண்டை, கொத்தவரை, இரண்டு மூன்று வகைக் கீரை, அவ்வளவே அவருடைய கடை. ஒரு கோடையில் அக்கடையின் தோற்றம் மாறியது. காரட் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, முட்டைக்கோசும் வந்தது. நம் ஊர் வெயிலில், செம்மண் காட்டில், காரட் விளையாது என்பதை அறியாதவர் எவருமில்லை. நாமும் அறிவோம். ஆயினும் ஒரே இடத்தில் எல்லாம் கிடைத்தமையால் மகிழ்ந்து, ஒன்றும் கேளாமல் பையை நிரப்பிக்கொண்டோம்.

பக்கத்துக் கடை உழவர்கள் கேட்டார்கள். கத்தரிக்காய் மட்டுமே வைத்திருந்தவர்களைக் கடந்து மக்கள் அவரிடமே சென்றதால், அவர்கள் முறையிட்டார்கள். அலுவலர் விசாரித்து அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று மாலையே அந்த அம்மையார் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார்.

“கெணறு வத்திப்போச்சு சாமி. மொத்தச் சந்தையில வாங்கித்தான் வித்தேன், மறைக்கல. அட்ட போச்சுன்னா எடமும் போயிடும். எல்லாம் இந்த அம்மா விளைவிச்சதுதான்னு நீங்க ஒரு வரி எழுதித் தந்தாப் போதும். உங்க எழுத்துக்கு மதிப்பு இருக்கு.”

பொய்ச்சான்று கூறலாகாது என்னும் கட்டளையைக் குருமடத்தில் ஓராண்டு முழுவதும் அலசி ஆராய்ந்தவர் நாம். விடை சொல்ல நொடிப்பொழுது போதும். ஆனால் சொல்ல நா எழவில்லை. அத்தனை வாரங்கள் அந்தக் காரட்டை வாங்கி உண்ட நம் மௌனம் மட்டும் எவ்வகைச் சான்று? மறுநாள் வரும்படி சொல்லி அவரை அனுப்பிவிட்டு, இரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம்.

வெளியூர்க் காய் சந்தைக்குள் வரலாகாது என்பது சரிதானா? உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட் ஆகியவை நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் விளைபவை. பெரிய வெங்காயம் மராட்டியத்திலிருந்து வருகிறது. இவையின்றி நம் வீடுகளில் சமையல் நடப்பதில்லை. இவை உள்ளே கிடைக்காவிடில் இல்லத்தரசி வெளியே உள்ள கடைக்குச் செல்வார். சென்றவர் கத்தரிக்காயையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். இழப்பு உள்ளூர் உழவனுக்கே. மேலும், மலையில் மண்ணைக் கொத்துகிறவனும் உழவனே அல்லவா? நூறு கல் தொலைவில் பிறந்தது அவன் குற்றமா?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவருக்கு வறட்சி இல்லை, பூச்சி இல்லை, காய்ப்பு ஓயும் காலமும் இல்லை. ஒட்டன்சத்திரம் போன்ற பெருஞ்சந்தையில் இரவில் மூட்டைகளை ஏற்றி வந்தால், நாள்தோறும் பதினைந்து வகைக் காய்களைப் பரப்பிவிடலாம். இரண்டு கூடைக் கத்தரிக்காயோடு முதல் பேருந்தில் வந்து இறங்கும் உழவன் அவருக்கு எப்படி ஈடுகொடுப்பான்? சில திங்களில் அவன் மூலைக்குத் தள்ளப்படுவான். பின்னர் வராமலே போவான். வாடகையில்லாக் கடை வணிகருக்குப் போய்ச் சேரும். வாயிலில் உழவர் சந்தை என்னும் பெயர்ப் பலகை மட்டும் எஞ்சும்.

எனவே நாம் ஒரு முடிவுக்கு வந்தோம். இங்கு விளையாத காய்கள் சந்தைக்குள் வரட்டும். ஆனால் தனிக்கடையில், இன்ன ஊரில் விளைந்தது என்று எழுதி வைத்து, இயன்றவரை மலை உழவர்களின் கையாலேயே வரட்டும். இங்கு விளையும் கத்தரியும் வெண்டையும் வெளியிலிருந்து வரவே வேண்டா. தொலைவில் விளைந்தது என்பதில் தவறில்லை. தன் நிலத்தில் விளைந்ததுபோல் காட்டுவதில்தான் தவறு இருக்கிறது. ஏனெனில் அந்த அட்டையை நம்பியே மக்கள் வாங்குகிறார்கள்; அந்த நம்பிக்கை அங்கு அமர்ந்திருக்கும் உழவர் அனைவருக்கும் பொதுச்சொத்து.

மறுநாள் கடிதம் எழுதினோம், அவர் கேட்டபடி அன்று. இவர் பரம்பரை உழவர். கிணறு வற்றியதால் சில வாரங்கள் வெளிக்காய் விற்றது உண்மை. அட்டையை அடியோடு நீக்காமல் மழை வரும்வரை பொறுத்தருள வேண்டும் என்று எழுதினோம். படித்துக் காட்டியபோது அந்த அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இத நானே சொல்லியிருப்பேனே சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிச் சென்றார்.

அலுவலர் இரங்கினார், ஆயினும் அட்டையை உடனே தரவில்லை. ஐப்பசி மழைக்குப் பின் நிலத்தை நேரில் பார்த்து, பயிர் நிற்பதைக் கண்ட பிறகே திருப்பித் தந்தார். இடைப்பட்ட மாதங்களில் அந்த அம்மையார் பிறர் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறித்தார். நாம் எழுதிய உண்மைக்கு விலை கொடுத்தவர் அவரே. நமக்கு ஒரு தாளும் சிறிது மையும்தான் செலவு. எழுதியது தவறென்று இன்றும் நாம் எண்ணவில்லை. ஆனால் நேர்மையைப் பிறருக்குச் சொல்லுமுன், அதன் சுமையில் நம் தோளுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டுக்கொள்ளப் பழகியிருக்கிறோம்.

கார்த்திகையில் ஒருநாள் அவர் மீண்டும் தம் இடத்தில் அமர்ந்திருந்தார். எதிரே கத்தரியும் முருங்கைக்கீரையும் மட்டுமே. “காரட் இல்ல சாமி” என்றார், சிரித்தும் சிரிக்காமலும்.

“இருப்பதைக் கொடுங்கள் அம்மா” என்றோம். அந்த வாரம் முழுவதும் நம் இல்லத்தில் கத்தரிக்காய்க் குழம்புதான். அடுத்த முறை சந்தைக்குச் செல்லும் வாசகர்களும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது யார் விளைத்த காய்? விடைக்காகக் காத்து நில்லுங்கள். கேட்காமல் வாங்கிச் சென்றவருள் நாமும் ஒருவராயிருந்தோம்.