பந்தின் மேல் விழுந்த பழி

சில போர்கள் அவற்றின் காரணத்தினாற் பெயர் பெறுகின்றன. வேறு சில, சாட்டினாற் பெயர் பெறுகின்றன. 1969ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மத்திய அமெரிக்காவின் அயல் நாடுகளான எல் சல்வடோரும் ஹொண்டூராசும் ஏறத்தாழ நூறு மணித்தியாலம் நடத்திய போர் இரண்டாவது வகையைச் சார்ந்தது. உலகம் அதனை 'உதைபந்தாட்டப் போர்' என்றே அறியும். போலந்து நாட்டுப் பத்திரிகையாளர் ரிஸார்ட் கபுஷ்சின்ஸ்கி 1978இல் வெளியிட்ட நூல் இப்பெயர் பரவுவதற்குப் பெருங்காரணமாயிற்று. அந்நூலாசிரியர் போரின் வேர் நிலத்திலேயே உள்ளதென்பதை மறைத்தவரல்லர். ஆயினும் நூலின் உள்ளடக்கத்திலும் பார்க்கத் தலைப்பே உலகின் நினைவில் நிலைத்தது. ஒரு விளையாட்டுக்காக இரு நாடுகள் போரிட்டன என்ற செய்தி கேட்போருக்கு நகைப்பைத் தருகின்றது. ஈராயிரம் முதல் மூவாயிரம் வரை எனப் பொதுவாகக் கணிக்கப்படும் உயிரிழப்பு அந்நகைப்பினுள் மறைந்துபோகின்றது.

நிகழ்ந்தவற்றை முறைப்படி நோக்குதல் நன்று. 1970ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிற் பங்குபற்றும் தகுதியைப் பெறுவதற்கான சுற்றில் இவ்விரு நாடுகளும் எதிரெதிரே நின்றன. 1969 யூன் 8ஆம் திகதி ஹொண்டூராசின் தலைநகரான தெகுசிகல்பாவில் நடைபெற்ற முதலாவது ஆட்டத்தில் ஹொண்டூராஸ் 1-0 என வென்றது. ஆட்டத்துக்கு முதல் நாளிரவு, வந்த அணியினர் தங்கியிருந்த விடுதியைச் சூழ்ந்து உள்ளூர் இரசிகர் எழுப்பிய ஆரவாரத்தால் அவ்வணியினர் உறக்கமிழந்தனர். ஒரு வாரத்தின் பின்னர் சான் சல்வடோரில் அதற்குப் பதில் கிடைத்தது. இம்முறை உறக்கமிழந்தவர்கள் ஹொண்டூராஸ் அணியினர். எல் சல்வடோர் 3-0 என வென்றது. ஆட்டம் பார்க்க எல்லை கடந்து வந்திருந்த ஹொண்டூராஸ் நாட்டவர் தாக்கப்பட்டனர். அச்செய்தி தெகுசிகல்பாவை மிகைபட அடைந்தபோது, ஹொண்டூராசிற் குடியேறி வாழ்ந்த சல்வடோர் மக்கள் மீது வன்முறை பாய்ந்தது. அக்காலத்து விதிப்படி கோல்களின் மொத்தத் தொகை கருதப்படாமையால் மூன்றாவது ஆட்டமொன்று வேண்டியதாயிற்று. யூன் 27ஆம் திகதி மெக்சிக்கோ நகரின் அஸ்ரெக்கா அரங்கில் அது நடைபெற்றது. மேலதிக நேரத்தின் பதினோராவது நிமிடத்தில் மவுரிசியோ றொட்றிக்கஸ் அடித்த கோலினால் எல் சல்வடோர் 3-2 என வெற்றியீட்டியது.

போர் தொடங்கியது யூலை 14ஆம் திகதி. எனவே கோல் முந்தியது, குண்டு பிந்தியது என்பது உண்மையே. ஆனால், அந்த மூன்றாவது ஆட்டத்துக்கு முதல் நாளே, அதாவது யூன் 26ஆம் திகதியே, எல் சல்வடோர் ஹொண்டூராசுடனான இராசதந்திர உறவைத் துண்டித்துவிட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. றொட்றிக்கஸ் பந்தை உதைத்தபோது இரு அரசுகளுக்குமிடையே பேச்சே இருக்கவில்லை. பகை வேறோரிடத்தில், வேறொரு பொருள் குறித்து, நெடுங்காலமாக வளர்ந்திருந்தது. அப்பொருள் நிலம்.

எல் சல்வடோர் ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய சிறு நாடு. ஹொண்டூராஸ் அதனிலும் ஐந்து மடங்குக்கு மேற் பெரியது. எனினும் 1969இல் சிறிய நாட்டிலேயே மக்கள்தொகை கூடுதலாக இருந்தது. இதனைக் கொண்டு, சனநெருக்கமே போருக்குக் காரணமெனக் கூறுவது எளிது. மானிடவியலாளர் வில்லியம் டேர்ஹாம் 1979இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெளிய விளக்கம் போதாதெனக் காட்டிற்று. மக்கள் பெருகினர் என்பதோடு, அவர்களுக்குரிய நிலம் எவர் கைக்குச் சென்றது என்பதும் வினாவாதல் வேண்டும். 1881, 1882ஆம் ஆண்டுகளில் எல் சல்வடோரில் ஊர்ப்பொது நிலங்கள் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டன. அவை கோப்பிச் செய்கைக்காகச் சில குடும்பங்களின் உடைமையாயின. 1932இல் மேற்குப் பகுதிக் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது இராணுவம் பல்லாயிரவரைக் கொன்றொழித்தது. உழுவதற்கு நிலமும் வாய்திறக்க உரிமையும் அற்றவர்கள் எல்லை கடந்தனர். ஹொண்டூராசின் வடகரை வாழைத் தோட்டங்களிற் கூலிகளாகவும், ஆளற்ற மலைச்சரிவுகளிற் சோளம் விதைப்போராகவும் அவர்கள் குடியேறினர். 1969இல் அவ்வாறு வாழ்ந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் எனப்படும்.

ஹொண்டூராசிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. அங்கும் பெருநிலம் கால்நடைப் பண்ணையாளரிடமும் அந்நிய வாழைக் கம்பனிகளிடமும் குவிந்திருந்தது. நிலமற்றோர் சங்கங்களாகத் திரண்டனர், வேலைநிறுத்தங்கள் எழுந்தன. 1962இல் இயற்றப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டம் பிறப்பால் ஹொண்டூராசைச் சேர்ந்தோருக்கே நிலம் வழங்கப்படும் என வகுத்தது. அச்சட்டத்தைச் செயற்படுத்தும் நிர்ப்பந்தம் லோபஸ் அரெல்லானோவின் அரசுக்கு ஏற்பட்டபோது, அதற்கு முன்னால் இரு வழிகள் இருந்தன. ஒன்று, பெருநிலக்காரரின் வேலியைத் தொடுவது. மற்றையது, அயல்நாட்டிலிருந்து வந்த ஏழையின் குடிசையை அகற்றுவது. அரசு இரண்டாவதைத் தேர்ந்தது. 1969இல், உதைபந்தாட்டம் தொடங்குமுன்னரே, குடியேறியோர் தாம் திருத்திய காணிகளிலிருந்து வெளியேற்றப்படலாயினர். அவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் எல் சல்வடோருக்குத் திரும்பியபோது, அங்கிருந்த கோப்பிப் பிரபுக்களும் கலங்கினர். இலட்சக்கணக்கான நிலமற்றோர் ஒருங்கே மீள்வது அவர்தம் உடைமைக்கு ஆபத்தாகும். இரு தேசங்களின் ஆளுங்குழுவினரும் அஞ்சியது ஒன்றையே: தத்தம் நாட்டுக் குடியானவரின் நிலக்கோரிக்கையை.

இத்தறுவாயிலேதான் பந்து களத்திற்கு வந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. உதைபந்தாட்டம் போரைத் தோற்றுவிக்கவில்லை. ஆனால் ஒரு முரண்பாட்டை இன்னொரு முரண்பாடாக மாற்றிக் கொடுத்தது. மைதானத்திலே தேசிய அணி ஆடும்போது, காணியற்றவனும் காணியாளனும் ஒரே வரிசையில் எழுந்துநின்று ஒரே கூச்சலை எழுப்புகின்றனர். தொண்ணூறு நிமிடத்துக்கு அவர்கள் உறவினர். எதிரே நிற்பவர் அந்நியர். அரங்கினுள் அது தீங்கற்ற இன்பமே. அவ்வுணர்வைப் பத்திரிகைகளும் வானொலிகளும் அரங்கிற்கு வெளியே கொண்டுவந்தபோது, தன் நிலத்தைப் பறித்தவன் யார் என்று ஹொண்டூராஸ் குடியானவன் கேட்ட கேள்விக்கு ஆயத்தமான விடையொன்று கிடைத்தது: அயல்வீட்டுச் சல்வடோரியன். நிலமுடையோருக்கும் நிலமற்றோருக்கும் இடையே இருந்த வழக்கு, நாட்டுக்கும் நாட்டுக்குமான வழக்காயிற்று.

யூலை 14ஆம் திகதி மாலை எல் சல்வடோரின் விமானங்கள் தெகுசிகல்பாவின் ரொன்கொன்ரின் விமான நிலையத்தைத் தாக்கின. தரைப்படை எல்லை கடந்து நுவேவா ஒக்கொதெபெக்கே நகரைக் கைப்பற்றியது. ஹொண்டூராசின் விமானங்கள் பதிலுக்கு எல் சல்வடோர் துறைமுகங்களின் எண்ணெய்த் தாங்கிகளை எரித்தன. யூலை 18ஆம் திகதி அமெரிக்க நாடுகளின் அமைப்பு தலையிட்டுப் போர்நிறுத்தம் கண்டது. ஓகஸ்ட் முற்பகுதியில் எல் சல்வடோர் படைகள் பின்வாங்கின. இறந்தோருட் பெரும்பாலார் எல்லைப்புறத்துக் குடிமக்கள். எவருக்கும் ஒரு காணியேனும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. குடியேறியோரிற் பல்லாயிரவர் எல் சல்வடோருக்குத் துரத்தப்பட்டனர். அவர்களுக்கு அங்கும் நிலம் இருக்கவில்லை. 1980இல் மூண்டு 1992 வரை நீடித்து, ஏறத்தாழ 75,000 பேரைப் பலிகொண்ட எல் சல்வடோரின் உள்நாட்டுப் போருக்கு, தீர்க்கப்படாத இந்நிலப் பிரச்சினை முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். அயலவனை நோக்கித் திருப்பிவிடப்பட்ட கேள்வி பத்தாண்டின் பின்னர் வீட்டுக்கே திரும்பிவந்தது எனலாம்.

இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டது 1980 ஒக்டோபர் 30ஆம் திகதியே. நூறு மணித்தியாலத்துப் போர் முறைப்படி முடிவதற்குப் பதினொரு ஆண்டுகள் சென்றன. எல்லை வழக்குக்கு ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 1992 செப்டெம்பர் 11ஆம் திகதி தீர்ப்பளித்தது. பிணக்கிலிருந்த நிலத்தின் பெரும்பகுதி ஹொண்டூராசைச் சேர்ந்தது. இவையெல்லாம் ஓரளவு அறியப்பட்ட செய்திகள். இடையில் நிகழ்ந்த இன்னொன்று அத்துணை பேசப்படுவதில்லை.

1981 நவம்பரில், அடுத்த உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் போட்டி தெகுசிகல்பாவிலே நடைபெற்றது. ஆறு நாடுகள் பங்குபற்றின, இரண்டுக்கே இடம். எல் சல்வடோர் அணியின் பயிற்றுநராக அந்நகருக்கு வந்தவர் 1969இல் வெற்றிக் கோலை அடித்த அதே மவுரிசியோ றொட்றிக்கஸ். ஹொண்டூராசுக்கும் எல் சல்வடோருக்குமிடையிலான ஆட்டம் கோலெதுவுமின்றி முடிந்தது. இறுதியாக நவம்பர் 22ஆம் திகதி ஹொண்டூராஸ் மெக்சிக்கோவை எதிர்த்தது. ஹொண்டூராஸ் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டது. மெக்சிக்கோ வென்றால் அது செல்லும். வெல்லாவிடின் எல் சல்வடோர் செல்லும். ஹொண்டூராஸ் விட்டுக்கொடுக்கவில்லை, ஆட்டம் 0-0 எனச் சமநிலையில் முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பகைவராயிருந்த இரு நாடுகளும் 1982இல் ஸ்பெயினுக்கு ஒருங்கே சென்றன. ஹொண்டூராஸ் வீரர் அன்று அயலவர் மீதுள்ள அன்பினால் ஆடினர் என்பது மிகையாகும். தம் மண்ணில் தோற்க விரும்பாமையே போதிய காரணம். ஆயினும் போர் மூட்டியதாகப் பழி சுமந்த அதே போட்டி, அதே நகரில், எவர் உயிரையும் வாங்காது அயலவருக்கு வழிவிட்டது. ஆட்டம் மாறவில்லை. 1969இல் அதனைச் சூழ்ந்திருந்த வெளியேற்றமும் அச்சமும் பிரசாரமும் அவ்வாட்டத்தைச் சூழ்ந்திருக்கவில்லை என்பதே வேறுபாடு.

ஆகவே, 'உதைபந்தாட்டப் போர்' என்ற பெயரை ஏற்போர் இரு தவறுகளை ஒருங்கே செய்கின்றனர். விளையாட்டுக்கு அதற்கில்லாத வலிமையை வழங்குகின்றனர். நிலத்தைக் குவித்தோருக்கு அவர்கள் வேண்டிய மறைவிடத்தை வழங்குகின்றனர். அயல் நாடுகளின் அணிகளுக்கிடையே போட்டி இருப்பது இயல்பு, அதனை அஞ்சவேண்டியதில்லை. ஆட்டம் முடிந்த பின்னரும் ஆரவாரம் ஓயாதிருக்குமாயின், அப்போது ஆராயவேண்டியது மைதானத்தையன்று. அந்த ஆரவாரத்தால் எவருடைய கணக்கு கேட்கப்படாமற் போகின்றது என்பதையே ஆராய்தல் வேண்டும்.