இரண்டு பீடம் வைத்த மன்னர்

மன்னர்களின் வரலாற்றில் போர்கள் மலிந்திருக்கும். இல்லறம் எட்டிப் பார்ப்பது அரிது. அவ்வாறு எட்டிப் பார்த்த ஓரிடம் நம்மை முதலில் நகைக்க வைத்தது. பின்னர் நாண வைத்தது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். இங்கிலாந்து அப்போது ஒரே நாடாகவில்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் ஒன்றான கிழக்கு ஆங்கிலியாவை ஆண்டவர் ரெட்வால்ட். அவர் கென்ட் நாட்டிற்குச் சென்ற இடத்தில் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவராகத் திரும்பினார். அரண்மனையில் அரசியார் இருந்தார். "போன இடத்தில் புதுத் தெய்வம் ஒன்றைக் கொண்டு வருமுன் என்னை ஒரு வார்த்தை கேட்கலாகாதா?" என்று அவர் வினவினாரோ, என்னவோ! மன்னரின் மனம் மாறியது. ஆனால் முழுவதும் மாறவில்லை. ஒரே கோயிலில் இரண்டு பீடங்கள் எழுந்தன. ஒன்று கிறிஸ்துவுக்கு, மற்றொன்று, சிறியது, பழைய தெய்வங்களின் பலிக்கு. வீட்டில் அமைதி, வானத்திலும் பகையில்லை!

731-ஆம் ஆண்டில் தம் திருச்சபை வரலாற்றை முடித்த துறவி பீட், இதனைக் கடிந்தே எழுதுகிறார். நாமோ, 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று சொல்லி வாய்விட்டு நகைத்தோம்.

ஆனால் அந்நூலிலேயே அரசியார் மீண்டும் வருகிறார். நார்த்தம்பிரிய அரசகுலத்து இளைஞர் எட்வின், நாடிழந்து அலைந்து, ரெட்வால்டிடம் அடைக்கலம் புகுந்திருந்தார். அவரைக் கொன்றுவிடுமாறு நார்த்தம்பிரிய மன்னர் ஏதல்ஃபிரித் மும்முறை தூது விடுத்தார். பெரும்பொருள் தருவதாக ஆசை காட்டினார். மறுத்தால் போர் என்று அச்சுறுத்தினார். ரெட்வால்ட் இசைந்துவிட்டார். அப்போதும் அரசியாரே குறுக்கிட்டார். பொன்னுக்காக நண்பனை விற்பதும், பொன்னினும் உயர்ந்த சொல்லைத் தவறுவதும் அரசர்க்கு அழகன்று என்றார். மன்னர் இம்முறையும் மனைவி சொல் கேட்டார்.

அதற்கு விலை சிறிதன்று. 616-ஆம் ஆண்டளவில் ஐடில் ஆற்றங்கரையில் நடந்த போரில் ஏதல்ஃபிரித் வீழ்ந்தார். ரெட்வால்டின் மகன் ரேகன்ஹேரும் வீழ்ந்தார். எட்வின் நார்த்தம்பிரியாவின் அரியணை ஏறினார். 627-இல் அவர் திருமுழுக்குப் பெற, அந்நாட்டில் கிறித்தவம் வேரூன்றத் தொடங்கியது. கணவரின் சமயத்தைக் கெடுத்தவர் என்று பீட் கடிந்த அதே அம்மையார் காத்த உயிர் அது!

1939-இல் சட்டன் ஹூவில் மண்மேடொன்றை அகழ்ந்தபோது, 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் சுவடும் அதனுள் ஓர் அரசப் புதையலும் வெளிப்பட்டன. அது ரெட்வால்டின் கல்லறை என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். பழைய முறைப்படி கப்பலில் அடக்கம். உள்ளே சிலுவை பொறித்த வெள்ளிக் கிண்ணங்கள். கல்லறையிலும் இரண்டு பீடந்தான்.

ஊர் விட்டு ஊர் வந்து, பிறர் நிழலில் குடியேறி வாழும் நமக்கு, அடைக்கலத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோயிலில் எத்தனை பீடம் என்று எண்ணி நகைத்த நாம், வாயிலில் வந்து நின்றவனை அந்த வீடு காத்ததை எண்ண மறந்தோம். அந்த அரசியாரின் பெயரைத் தேடினோம். பீட் அதனை எழுதி வைக்கவில்லை.