வெளியே பாடப் போனவர்



விளையாட்டு விழா அன்றைக்கு நாம எல்லாரும் பெஞ்சில் இரண்டு தடவை தட்டி, மூன்றாவதாகக் கை தட்டுவோமே, ‘டும் டும் டக், டும் டும் டக்’ என்று! அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க மாமா மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் பாக்ஸ் கட்டி முடித்ததும், சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு இங்கிலீஷ் பாட்டைப் போடுவார். அந்தப் பாட்டின் தாளம்தான் அது. 1977-இல் ‘குயின்’ என்ற இங்கிலாந்து ராக் குழு வெளியிட்டது. எலக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் அதிர, ஓங்கிப் பாடுகிற பாட்டைத்தான் ராக் என்கிறார்கள்.

அந்தக் குழுவில் முன்னால் நின்று பாடியவர் பிரெடி மெர்க்குரி. அவருடைய சொந்தப் பெயர் ஃபரூக் பல்சாரா. பெற்றோர் குஜராத் பக்கத்துப் பார்சிகள். 1946-இல் ஆப்பிரிக்காவில் உள்ள சான்சிபார் தீவில் பிறந்தார். படித்தது நம் நாட்டில்தான்! மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி என்ற மலை ஊரில் விடுதியில் தங்கிப் படித்தார். அங்கேயே கூடப் படித்த பையன்களோடு சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தாராம். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம்ம வயசுதான்.

1970-இல் லண்டனில் பிரையன் மே, ராஜர் டெய்லர் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து குயின் குழுவை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு பிரெடி இருந்த வரைக்கும் அதே நாலு பேர்தான். யாரும் மாறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது குயினைப் பற்றி இல்லை. அந்தக் குழுவுக்கு வெளியே அவர் பாடிய பாட்டுகளைப் பற்றித்தான்.

காரணம் இருக்கிறது. நாங்கள் நாலு பேர் கும்மிப் பாட்டுக் குழு என்பது எல்லாருக்கும் தெரியும். நான் முதல் வரியை எடுத்துக் கொடுப்பேன், மற்ற மூன்று பேரும் வாங்கிப் பாடுவார்கள். ஆறாம் வகுப்பில் இருந்து இப்படித்தான். இந்த வருஷம் எங்க தெருவில் இருக்கிற வில்லுப்பாட்டுத் தாத்தா, “கொடைக்குப் பின்பாட்டு பாட வாரியா தாயீ?” என்று கேட்டார். எங்க அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் பிரச்சினை. “ஏட்டி, நீ அங்க போயிட்டா எங்களுக்கு யாரு எடுத்துக் கொடுப்பா? பெரிய ஆளாயிட்டேன்னு நெனைப்பா?” என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. இரண்டு வாரமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் வேப்ப மரத்தடியில், நான் வகுப்பு வாசலில்.

அந்த நேரத்தில்தான் மாமா போனில் பிரெடியின் கதையைப் படித்தேன். என் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான். வெளியே பாடப் போனால் குழுவை விட்டுவிட்டதாக அர்த்தமா?

1984-இல் ஜார்ஜியோ மொரோடர் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து பிரெடி ஒரு பாட்டுப் பாடினார். ‘மெட்ரோபோலிஸ்’ என்ற 1927-ஆம் வருஷத்துப் பேசாத படத்துக்குப் புதிதாக இசை போட்டபோது அதில் சேர்த்த பாட்டு அது. 1985 ஏப்ரலில் ‘மிஸ்டர் பேட் கை’ என்று தனியாக ஒரு தொகுப்பே போட்டார். 11 பாட்டு, எல்லாம் அவரே எழுதியது. அதைத் தான் வளர்த்த பூனைக்குச் சமர்ப்பணம் செய்தார் என்றால் நம்புவீர்களா? நிஜம்தான்! ஆனால் அந்தத் தொகுப்பு குயின் தொகுப்புகள் அளவுக்கு ஓடவில்லை.

சரி, குழு உடைந்ததா? அதே வருஷம் ஜூலை 13-ஆம் தேதி, எத்தியோப்பியா பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டன் வெம்பிளி மைதானத்தில் ‘லைவ் எய்ட்’ நடந்தது. குயினுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிஷம். நாலு பேரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடிய அந்தக் கூட்டம் மொத்தமும் அவரோடு சேர்ந்து கை தட்டியது. தனித் தொகுப்பு வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெளியே போனது அவர் மட்டும் இல்லை. டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லர் 1981-லேயே தனித் தொகுப்பு போட்டுவிட்டார். கிடார் வாசித்த பிரையன் மே 1983-இல் வேறு கலைஞர்களோடு சேர்ந்து ஒன்று போட்டார். யாரும் யாரையும் ‘போகாதே’ என்று கட்டிப் போடவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து வருவதுதான். ஸ்பெயின் நாட்டில் மொன்செராத் கபாயே என்று ஒரு அம்மா. ஓபரா பாடகி. ஓபரா என்பது மேடையில் கதை முழுவதையும் பாட்டாகவே நடிப்பது. நம்ம ஊர்க் கூத்து மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரெடியைவிட 13 வயது மூத்தவர். ராக் பாட்டுக்கும் அந்தப் பாட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் அவர் குரல் மேல் பிரெடிக்கு அவ்வளவு ஆசை. 1987-இல் பார்சிலோனா நகரத்தில் போய் அவரைச் சந்தித்தார். மைக் மோரன் என்பவரோடு சேர்ந்து பாட்டுகள் தயார் செய்தார். அந்த அம்மா பாட வேண்டிய பகுதியைப் பிரெடியே பொய்க்குரலில் பாடிப் பதிவு செய்து காட்டினாராம். 1988-இல் ‘பார்சிலோனா’ தொகுப்பு வந்தது. அதில் ஒரு பாட்டுக்குப் பேஸ் கிடார் வாசித்தது யார் தெரியுமா? அதே குயின் குழுவின் ஜான் டீக்கன்! கூட்டாளி வெளியே போனதற்குக் கோபப்படாமல், தானும் போய் வாசித்துக் கொடுத்திருக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் பிரெடிக்கு எய்ட்ஸ் நோய் வந்துவிட்டது. ஆனாலும் அவர் குயினுக்குத் திரும்பி வந்து இன்னும் இரண்டு தொகுப்பு முடித்துக் கொடுத்தார். 1989-இல் வந்த ‘தி மிராக்கிள்’ தொகுப்பில் பாட்டு எழுதியவர் பெயர் தனித்தனியாக இல்லை. எல்லாப் பாட்டுக்கும் ‘குயின்’ என்ற ஒரே பெயர்தான். யார் பெரியவர் என்ற பேச்சே இல்லை.

1991 நவம்பர் 24-இல், 45 வயதில் அவர் இறந்துபோனார். அடுத்த வருஷம் பார்சிலோனாவில் ஒலிம்பிக் நடந்தபோது, அந்த அம்மாவோடு அவர் பாடிய பாட்டு மறுபடியும் வெளியாகி இங்கிலாந்தில் 2-ஆம் இடத்துக்கு வந்தது. கேட்க அவர் இல்லை. 1995-இல் மீதி மூன்று பேரும் சேர்ந்து குயினின் கடைசித் தொகுப்பை முடித்தார்கள். அதில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரெடி தனியாகப் போட்ட ‘மிஸ்டர் பேட் கை’ தொகுப்பில் இருந்து இரண்டு பாட்டை எடுத்து, அவர் குரலை அப்படியே வைத்து, தாங்கள் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். வெளியே போய்ப் பாடிய பாட்டும் கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது!

நான் ஒன்றும் பிரெடி இல்லை. நம்ம ஊர்க் கொடையும் ஒலிம்பிக் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. வெளியே போவது தப்பில்லை, திரும்பி வராமல் இருப்பதுதான் தப்பு. தேனீ பல பூவுக்குப் போனாலும் தேனைத் தன் கூட்டில்தான் கொண்டு வந்து வைக்கிறது. தாத்தாவிடம் இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டது, மூச்சை எந்த இடத்தில் விட வேண்டும், கதை கேட்கிறவர்கள் ‘ஆமா’ போடுவதற்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது. இது நம்ம கும்மிக்கும் உதவும். சொல்லிக் கொடுக்க ஆசையாக இருக்கிறது.

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் என் மூன்று தோழிகளே! நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் பயிற்சி இருக்கிறது. நான் வருவேன், முதல் வரியை எடுத்துக் கொடுப்பேன். வாங்கிப் பாடுவீர்களா?



— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி