அகற்றுதல் என்னும் சொல்

சென்ற கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது. குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டி நீர் விழுந்துகொண்டிருந்தது. மாலையணிந்து வந்திருந்த ஐயப்ப பக்தர்களைக் காவலர்கள் விசில் ஊதி விலக்கிக்கொண்டிருந்தனர். அப்போதுதான் என் பழைய மாணவி தொலைபேசியில் அழைத்தாள்.

“ஐயா, அந்தச் சொல்லெல்லாம் போயிட்டு ஐயா.”

அவள் தென்காசியில் இருந்தபடியே இணையதளங்கள் அமைத்துக் கொடுப்பவள். எங்கள் துறைக்கும் ஊதியம் பெறாமல் வேர்ட்பிரஸில் ஒரு தளம் அமைத்துத் தந்திருந்தாள். மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டறிந்த வட்டாரச் சொற்களை அதிலுள்ள படிவம் ஒன்றின் வழியே அனுப்பிவந்தார்கள். வயல், கால்நடை, அடுக்களை சார்ந்த சொற்களே மிகுதி. அகராதிகளில் நான் காணாதவையும் அவற்றுள் இருந்தன.

தளத்தின் செருகுநிரல்களைப் பராமரிக்க அவள் ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரையும் இணைத்திருந்தாள். நாம் பேச்சுநடையில் இடும் கட்டளையைப் படித்து, தன்னிடம் உள்ள கருவிகளுள் பொருத்தமானதைத் தேர்ந்து இயக்குவது அது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கம் எழுதவேண்டும் என்றாள். தமிழ் படித்தவன் இருக்கும்போது வேறு யார் எழுதுவது? இரண்டு வரிகளில் ஒரு கருவி என்று ஒரே மாலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சுருங்கச் சொல்லிவிட்டோம் என்ற பெருமிதம் வேறு.

ஒரு கருவிக்கு ‘செருகுநிரலின் இயக்கத்தை நிறுத்தும்’ என்றும், மற்றொன்றுக்கு ‘தேவையற்ற செருகுநிரலை அகற்றும்’ என்றும் எழுதியிருந்தேன். தளம் மெதுவாக இயங்கிய ஒரு நாளில் சக ஆசிரியர் ஒருவர், “அந்தப் படிவத்தைக் கொஞ்ச நாளைக்கு அகற்றி வை” என்று கட்டளையிட்டார். முகவர் ‘அகற்றும்’ கருவியை எடுத்தது. அதன்மேல் பழி சொல்ல என்ன இருக்கிறது? அவர் சொன்ன சொல்லும் நான் எழுதிய சொல்லும் ஒன்றுதானே.

வேர்ட்பிரஸில் செருகுநிரலை நிறுத்தினால், பொதுவாக அது சேர்த்துவைத்த தரவு அப்படியே இருக்கும். நீக்கினால் கோப்புகள் அழியும். சில செருகுநிரல்கள் அந்தத் தருணத்தில் தங்கள் தரவு அட்டவணைகளையும் துடைத்துவிட்டே விடைபெறும். எங்களுடையது அந்த வகை. காப்புப்பிரதியோ இரண்டு மாதம் பழையது.

இடையில் வந்த சொற்களை மாணவர்களிடம் மீண்டும் கேட்டு வாங்கினோம். ஒருவனிடம் மட்டும் முழுமையாக வாங்க இயலவில்லை. அவனுடைய ஆச்சி ஐப்பசியில் காலமாகியிருந்தார். ஆச்சியிடம் கேட்டு அவன் அனுப்பிய ஏழெட்டுச் சொற்களில் அவன் நினைவில் நின்றவை மூன்றே.

அருவிக்கரைக் காட்சியைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தேன். ‘குளிக்கத் தடை’ என்று மட்டும் எழுதினால் போதும், எஞ்சியதைக் காவலரின் கண் பார்த்துக்கொள்ளும். நீர் வளைவைத் தாண்டுகிறதா, தணிகிறதா என்று அவருக்குத் தெரியும். முகவருக்கு அந்தக் கண் இல்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், அது கேட்கும் உள்ளீடுகள் ஆகியவற்றைக் கொண்டே அது கருவியைத் தேர்கிறது. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையிலும் இதுவே வழி. வேர்ட்பிரஸ் தன் 6.9ஆம் பதிப்பில், 2025 டிசம்பரில், சேர்த்த ‘திறன்கள்’ ஏற்பாட்டிலும் விளக்கத்துக்கென்று தனி இடம் உண்டு. எம்.சி.பி.யில் ஒரு கருவியை ‘அழிக்கவல்லது’ என்று குறிக்கவும் முடியும். ஆனால் அது குறிப்புதான், பூட்டு அன்று. பூட்டு வேண்டுமானால் அனுமதிச் சோதனையை நிரலிலேயே வைக்கவேண்டும் என்று மாணவி சொன்னாள்.

கண்ணில் காணாத ஒருவருக்காக எழுதுவது எப்படி என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு அது. பின்னாளில் இக்கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைச் சீராக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாக மன்னன் சொல்கிறான். யார், எப்போது, எதைச் செய்யவேண்டும் என்பதெல்லாம் நான்கு அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. அதை வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! நான் எழுதிய விளக்கத்தில் ‘எப்போது’ இல்லை. நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல் என்பதையும் நானே கற்பிக்கிறேன்.

மீண்டும் எழுதினேன்: ‘செருகுநிரலை நிரந்தரமாக நீக்கும். அதனுடன் சேர்ந்த தரவும் அழியலாம், மீட்க இயலாது. தற்காலிகமாக நிறுத்த இதைப் பயன்படுத்தாதே. அதற்கு ‘நிறுத்து’ கருவி உண்டு. கட்டளையில் அகற்று, எடு, தூக்கு போன்ற சொற்கள் வந்தால் முதலில் பயனரிடம் கேள்.’

“நீளமா இருக்கே ஐயா?” என்றாள். அவள் கவலையும் நியாயமே. எல்லாக் கருவிகளுக்கும் இப்படி வளர்த்தால் மிகைபடக் கூறல் ஆகிவிடும். எனவே பட்டியல் எடுப்பது, பதிப்பு பார்ப்பது போன்ற தீங்கற்றவற்றுக்கு ஒற்றை வரியே விட்டுவைத்தோம்.

பிறகு ஒரு சோதனைத் தளத்தில் அதே வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன்: ‘அந்தப் படிவத்தைக் கொஞ்ச நாளைக்கு அகற்றி வை.’ நிறுத்திவைக்கவா, நீக்கிவிடவா என்று அது கேட்டது.

அந்த மாணவன் இன்னமும் கணினிதான் தன் ஆச்சியின் சொற்களை அழித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.