பந்தயக் காரும் என் முழங்காலும்

துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் 2024 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். மக்ரூன் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, "உன் வேலையைப் பத்திச் சொல்லேன்" என்றேன். போனைத் திறந்து ஒரு படம் காட்டினான். செக்கச் செவேலென்று, தரையோடு தரையாக, கடலாமை மாதிரி ஒரு கார். விலை கோடிக் கணக்கில்! அந்த மாதிரிக் கார்களுக்கு சர்வீஸ் செய்யும் இடத்தில்தான் அவனுக்கு வேலை.

"இதுக்கு கிளட்ச் மிதிச்சே கால் ஓய்ஞ்சு போயிருமேப்பா" என்றேன், என் இடது முழங்காலைத் தடவிக்கொண்டே.

அவன் சிரித்தான். "அத்தை, இதுல கிளட்ச் பெடலே கிடையாது."

எங்கள் வீட்டின் அடுத்த காரைத் தீர்மானித்தது அந்த ஒரு வார்த்தைதான். அது ஏன் என்று சொல்வதற்கு முன் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2022 ஐப்பசி. நல்ல மழை. என் மாமனாருக்கு ஆஸ்துமா உண்டு. இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. என் கணவருக்கு அன்று துறைமுகத்தில் இரவு வேலை. வாசலில் கார் நிற்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. எனக்கு ஓட்டத் தெரியாது! எதிர் வீட்டுப் பையனைக் கதவு தட்டி எழுப்பி, அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தெய்வ கிருபையால் மாமா பிழைத்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவரிடம், "மாமா, நான் கார் ஓட்டப் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நாற்பத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூல்! தெருவில் சிரித்தார்கள். மாமாவோ துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "வ.உ.சி. 1906-ல கம்பெனி ஆரம்பிச்சு, வெள்ளைக்காரனுக்கு எதிரா கொழும்புக்குக் கப்பலே விட்டாரு. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நீ ஒரு காரு ஓட்டப் படாதா தாயி?" என்றார். அதற்கு மேல் யார் பேசுவார்கள்?

ஆனால் ஓட்டுவது சுலபமாக இல்லை. துறைமுகச் சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள், உப்பு லாரிகள். ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது வண்டி அணைந்து பின்னால் உருண்டது. முதுகுக்குப் பின்னே ஒரு லாரி அலறியது. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றுக்கும் இரண்டு கால்! எப்படியோ தப்பித்தேன். அது போதாதென்று மூட்டுத் தேய்மானம் வேறு. நெரிசலில் ஓட்டிய நாட்களில் சாயங்காலம் இடது முழங்கால் வீங்கிவிடும். ஸீட்டை முன்னே நகர்த்தி, கிளட்சை முழுதாக அழுத்தினாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி உட்கார்ந்த பிறகு வலி கொஞ்சம் குறைந்தது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.

அந்தப் பழைய காரை 2023 டிசம்பர் 17, 18 மழை கொண்டுபோய்விட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் தெருவில் காரின் ஸீட் மட்டம் வரை தண்ணீர். வடிந்ததும் இவர் சாவியைப் போடப் போனார். அண்ணன் மகன் துபாயிலிருந்து போனில் கத்தினான்: "சாவியைத் தொடாதீங்க மாமா!" எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்று போல அது அமுங்கிக் கொடுக்காது. ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். அப்படி நாமே கெடுத்துக்கொண்டால், பாலிசியில் எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய இழப்பீடு கிடைப்பதும் கஷ்டம். பாட்டரி இணைப்பைக் கழற்றி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டி இழுத்துத்தான் போக வேண்டுமாம். அப்படியே செய்தோம். கார் பிழைக்கவில்லை, இன்ஷூரன்ஸ் பணம் வந்தது.

புதுக் கார் வாங்கும் பேச்சு வந்ததும் நான், "கிளட்ச் இல்லாததா வாங்குவோம்" என்றேன். இவர், "அதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மனசுக்குள் சுருக்கென்றது. அந்த நேரத்தில்தான் பொங்கலுக்கு மருமகன் வந்து சேர்ந்தான்.

"மாமா, ஓட்டத் தெரியாதவங்களுக்கா? ஃபெராரிக்காரன் 1989-லேயே பந்தயக் கார்ல கிளட்ச் மிதிக்காம கியர் மாத்துற ஏற்பாட்டைக் கொண்டுவந்து முதல் பந்தயத்துலேயே ஜெயிச்சான். 1997-ல ஃபெராரி 355-ங்கிற கார்ல, விலைக்கு வாங்குறவங்களுக்கும் குடுத்தான். கிளட்ச், கியர் எல்லாம் பழசுதான். காலுக்குப் பதிலா ஒரு மெஷின் அழுத்தும். அந்த ஏற்பாட்டைச் செஞ்சு குடுத்தது மேக்னெட்டி மரெல்லின்னு ஒரு இத்தாலிக் கம்பெனி. அதே கம்பெனிதான் 2014-ல நம்ம மாருதி செலேரியோவுக்கும் செஞ்சு குடுத்துச்சு. அதைத்தான் இங்க ஏ.எம்.டி.ங்கிறோம்" என்றான்.

இவர் வாயடைத்துப் போனார். எனக்கு மக்ரூன் இன்னும் கொஞ்சம் இனித்தது!

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி அவன் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏ.எம்.டி. என்பது ஒரே தோசைக்கல். ஒரு தோசையை எடுத்த பிறகுதான் அடுத்ததை ஊற்ற முடியும். அதனால் கியர் மாறும்போது சின்னதாக ஒரு தயக்கம், ஒரு குலுக்கல் இருக்கும். விலை குறைவு. இன்றைய பந்தய ரகக் கார்களில் பெரும்பாலும் இரட்டைக் கிளட்ச். அது இரண்டு தோசைக்கல். ஒன்றில் தோசை வேகும்போதே அடுத்தது காய்ந்து தயாராக இருக்கும். கண் இமைப்பதற்குள் கியர் மாறிவிடும். விலையும் அதிகம், ரிப்பேர் வந்தால் செலவும் அதிகம். ஸி.வி.டி. என்பதில் பல்சக்கரக் கியர்களுக்குப் பதில் மாவு மில் மாதிரி இரண்டு உருளையும் ஒரு பெல்ட்டும், குலுக்கலே இராது. டார்க் கன்வெர்ட்டர் என்பது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது, அதுவும் மென்மை. ஆனால் நம் பட்ஜெட்டைப் பார்க்க வேண்டுமே!

நாங்கள் ஏ.எம்.டி. வாங்கினோம். ஒரு எச்சரிக்கை: மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். பெடல்தான் இல்லையே தவிர, உள்ளே கிளட்ச் இருக்கிறது, தேய்ந்துவிடும். பிரேக்கையே பிடியுங்கள்.

கார் வாங்கியதோடு வேலை முடிகிறதா? சர்வீஸ் இருக்கிறதே! முதல் தடவை நான் தனியாகப் போனேன். அங்கே இருந்த பிள்ளை, "சார் வரலையா மேடம்?" என்று வாசலையே பார்த்தான். "வண்டி ஓட்டுறது நான்தான் தம்பி. என்கிட்டயே சொல்லுங்க" என்றேன். பில்லைப் பார்த்தால், நான் கேட்காத ஏதேதோ பூச்சு, ஏதேதோ சுத்தம் என்று நாலு வரி கூடுதலாக இருந்தது. கணக்கு நோட்டில் பால் பாக்கெட்டை எண்ணுகிறவளிடமா? ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டேன். இரண்டு வரி தானாகக் காணாமற் போயிற்று.

அதன் பிறகு எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வண்டியை விடும்போது ஓடிய கிலோமீட்டரும், பெட்ரோல் அளவும், என் குறைகளும் ஜாப் கார்டில் எழுதியிருக்கின்றனவா என்று வாசித்த பிறகே கையெழுத்து. செலவு இவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது. கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்பது. மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வது.

"வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்று இவர் கேட்டதுண்டு. மருமகனின் இடத்துக்கு வரும் கோடி ரூபாய்க் கார்கள் வருஷத்தில் பாதி நாள் ஷெட்டில்தான் தூங்குமாம். ஆனாலும் வருஷம் தவறாமல் சர்வீஸுக்கு வந்துவிடுமாம். ஓடாவிட்டாலும் ஆயில் பழசாகும், பாட்டரி இறங்கும். ஆகவே இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. நம் ஊரில் உப்புக் காற்று வேறு. மாதம் ஒரு முறையாவது வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே துரு தின்றுகொண்டிருக்கும்.

2025 ஆகஸ்ட் 4-ந் தேதி நம் தூத்துக்குடியிலேயே வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனி மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறந்துவிட்டது. மின்சாரக் காரில் கிளட்சும் இல்லை, கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. இனி வரும் மருமகள்களுக்கு என் முழங்கால் கதை வேடிக்கையாக இருக்கும்!

போன ஐப்பசியில் மாமாவுக்கு மறுபடி ஒரு நடுராத்திரி இழுப்பு வந்தது. இவர் அன்றும் துறைமுகத்தில். இந்தத் தடவை நான் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. மாமாவை முன் ஸீட்டில் சாய்த்து உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, ஜன்னலைப் பாதி இறக்கி, நானே ஓட்டிக்கொண்டு போனேன். கை நடுங்கியது உண்மை. கால் நடுங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது, மாமா அந்த மூச்சிரைப்பிலும் என்னைப் பார்த்து, "கப்பல் கரை சேந்துட்டு தாயி" என்றார்.

வாசலில் கார் நிற்கிற வீட்டுச் சகோதரிகளே, ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவது யார் என்று பார்த்து கியரைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டவும் படித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்த ஆணி காலியாக இருக்கிறது. சாவி என் பர்ஸில்!