கம்பி அறுந்த ராத்திரியும் நைனா சொன்ன தோல் கணக்கும்

போன வருஷம் ஏப்ரல் 14. எங்கள் தெருமுனையில் மேடை. மாலை நேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகள் 12 பேர், 4 பறை, ஒரு கீபோர்டு, ஒரு எலக்ட்ரிக் கிட்டார். கிட்டார் என் கையில். மூன்றாவது பாட்டின் நடுவில் மெல்லிய கம்பி பட்டென்று அறுந்தது.

ஒரு கம்பிதானே, மீதி 5 இருக்கிறதே என்று தொடர்ந்து வாசித்தேன். எதை அழுத்தினாலும் அபசுரம். 5 கம்பியும் சுருதி ஏறிப் போயிருந்தது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று விலகியது. வியர்த்துக் கொட்டியது. கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டு மேடை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பறை அடித்த பிள்ளைகள் நிறுத்தவில்லை. நிகழ்ச்சி நன்றாகத்தான் முடிந்தது. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கிட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் கடைக்காரர் என்னைப் பார்த்தார். எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன். அந்தக் கேள்வி எதற்கு என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "இதையெல்லாம் நீங்க கழட்டாதீங்க. இதுக்குன்னு ஒரு கை வேணும்" என்றார். எப்படி மாற்றுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. உள்ளே அவர் செய்ததை இப்போது எங்கள் மையத்தில் 3 பிள்ளைகள் செய்கிறார்கள். நீங்களும் செய்யலாம்.

முதலில் அந்த பிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண கிட்டாரில் பிரிட்ஜ் மரத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் அப்படியல்ல. கத்தி முனை மாதிரி தீட்டிய 2 ஓரங்கள், 2 தூண்கள் மேல் சாய்ந்து நிற்கும். முன்பக்கம் 6 கம்பிகள் இழுக்கின்றன. பின்பக்கம், உடம்புக்குள் ஒரு குழியில், ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. பெரும்பாலும் 3 ஸ்பிரிங் இருக்கும். இரண்டு இழுப்பும் சமமானால் பிரிட்ஜ் நடுவில் மட்டமாக நிற்கும். அதில் செருகியிருக்கும் கைப்பிடியை அமுக்கினால் சுருதி இறங்கும், தூக்கினால் ஏறும்.

9 முதல் 42 வரை அளவுள்ள மெல்லிய கம்பி செட்டைச் சாதாரண சுருதியில் வைத்தால், 6 கம்பியும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கும். அதில் மெல்லிய கம்பியின் பங்கு சுமார் 6 கிலோ. அது அறுந்தால் அந்த 6 கிலோ முன்பக்கத்தில் காணாமல் போகிறது. ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜைப் பின்னால் சாய்க்கிறது. மிச்சக் கம்பிகள் விறைத்துச் சுருதி ஏறுகிறது. அன்று மேடையில் நடந்தது இதுதான். இது தெரிந்திருந்தால் அங்கே கம்பிகளோடு சண்டை போட்டிருக்க மாட்டேன். வேறு கிட்டார் இல்லையென்றால் அந்தப் பாட்டை விட்டு விலகுவதுதான் வழி.

இந்த பிரிட்ஜுக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபெண்டர் கம்பெனி 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வைத்த அமைப்புக்கு 'ட்ரெமோலோ' என்று பெயர் வைத்தது. உண்மையில் ட்ரெமோலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது. சுருதி அசைவதற்குப் பெயர் விப்ராட்டோ. தப்பான பெயர்தான் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கைப்பிடியை வைத்துக் கிட்டாரை அழவும் அலறவும் வைத்தார். ஆனால் அப்படி வாசித்தால் சுருதி கலையும், பாட்டுக்கு நடுவில் திரும்பத் திரும்பச் சரி செய்ய வேண்டியிருந்தது. ஹென்ட்ரிக்ஸைக் கேட்டு வளர்ந்த ஃப்ளாய்ட் ரோஸ் என்ற கிட்டார்காரர் நகை செய்யும் வேலையும் தெரிந்தவர். 1970-களின் பிற்பகுதியில் கம்பியை இரண்டு முனையிலும் பூட்டிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். 1979-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த வகைதான் எங்கள் மையத்துக் கிட்டாரும்.

இன்னொரு தகவலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராக் இசையை வளர்த்தவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். பிறகு அவர்களுக்கே 'ராக் உங்கள் இசை இல்லை' என்று இசை வணிகம் கதவடைத்தது. அதை எதிர்த்து 1985-இல் நியூயார்க்கில் வெர்னன் ரீட், கிரெக் டேட், கொண்டா மேசன் ஆகியோர் 'பிளாக் ராக் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ரீட் பூட்டுப் போட்ட இதே மாதிரி பிரிட்ஜோடு 'லிவிங் கலர்' குழுவில் வாசித்தார். நம் பக்கத்தில், 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது பறையும் கானாவும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக நின்றதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "இதுக்குன்னு ஒரு கை வேணும்" என்கிறவர்களுக்கு வேறு பதில் வேண்டியதில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். நான் முதலில் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். புதுக் கம்பி வாங்கி வந்து, 6 பழைய கம்பியையும் ஒரே மூச்சில் தளர்த்தினேன். முன்னால் இழுக்க ஆளில்லை. ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்து மரத்தில் மோத வைத்தது. பெயின்ட் உதிர்ந்தது. ஒரு ஸ்பிரிங் கழன்று குழிக்குள் விழுந்தது. பிள்ளைகள் காசு சேர்த்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிட்டார். நெஞ்சு பதறிவிட்டது.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றித் துடைக்க வேண்டுமென்றால், பிரிட்ஜின் பின்பகுதிக்கு அடியில் மடித்த துணியையோ சீட்டுக்கட்டையோ வைத்து, அது சாயாமல் மட்டமாக நிற்கும்படி முட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு கம்பியைத் தளர்த்துங்கள். விறைப்பாக இருக்கும்போது கம்பியை வெட்டவே கூடாது. கண்ணில் அடிக்கும்.

கழுத்து முனையில் 3 சின்னப் பூட்டுத் தகடுகள் இருக்கும், ஒவ்வொன்றும் 2 கம்பியைப் பிடித்திருக்கும். அலன் கீயால் திறங்கள். பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அளவு பொருந்தும். பிரிட்ஜில் இருக்கிற நுண் சுருதித் திருகுகளை நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள். கம்பியைத் தளர்த்தி, பிரிட்ஜின் பின்னால் அந்தக் கம்பிக்குரிய ஸ்க்ரூவைத் திருகினால் அது விடுபடும். புதுக் கம்பியின் குண்டு முனையை வெட்டிவிட்டு, பிடிக்குள் நேராகச் செருகி இறுக்குங்கள். நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். முரட்டுத்தனமாகத் திருகினால் மரை தேய்ந்துவிடும்.

சுருதி வைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரு கம்பியை ஏற்றினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்றவை இறங்கும். அதனால் 6 கம்பியையும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். எனக்கு முதல் நாள் 7 சுற்று ஆனது. ஒவ்வொரு சுற்றிலும் விலகல் குறையும். கம்பிகளை விரலால் மெதுவாக இழுத்து நீட்டி, திரும்பச் சுருதி வையுங்கள். நீட்டியும் இறங்காத நிலை வரும் வரை செய்யுங்கள்.

இப்போது பக்கவாட்டில் பாருங்கள். பிரிட்ஜ் உடம்புக்கு மட்டமாக இருக்கிறதா? பின்பகுதி மேலே தூக்கியிருந்தால், பின்குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் 2 நீள ஸ்க்ரூவையும் திருப்புளியால் கொஞ்சம் இறுக்குங்கள். குழிக்குள் அமுங்கியிருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். கால் சுற்று, அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் திரும்பச் சுருதி பாருங்கள். எல்லாம் நின்ற பிறகு, கடைசியாகத்தான் கழுத்துப் பூட்டைப் போட வேண்டும். பூட்டும்போது சுருதி லேசாக நகரும். அதை பிரிட்ஜில் உள்ள நுண் திருகுகளால் விரலாலேயே சரி செய்யலாம்.

கம்பியின் தடிமனை மாற்றினால் இழுப்பும் மாறும், ஸ்பிரிங்கை மறுபடி சரி செய்ய வேண்டியிருக்கும். அதனால் எப்போதும் ஒரே அளவு செட் வாங்குங்கள். கம்பிகள் விறைப்பாக இருக்கும்போது தூண்களைத் திருகாதீர்கள், கத்தி முனை மழுங்கினால் சுருதி திரும்பி வராது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு கம்பியை மட்டுமல்ல, ஸ்க்ரூக்களையும் தின்றுவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 3 ராத்திரியில். வீட்டு வாசலில், குண்டு பல்பு வெளிச்சத்தில். நைனா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இளவயதில் பறை அடித்தவர். ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று அவரும் பங்காளிகளும் ஒரு நாள் முடிவெடுத்தார்கள். அதற்காக ஊர் வேலையை இழந்தார்கள், அடியும் வாங்கினார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் பறை என்ற பேச்சே கிடையாது. எங்கள் குழு பறை வாங்கியதை நான் பல மாதம் அவரிடம் மறைத்தேன். நமக்கு அது விடுதலைக் கலை. அவருக்கு அது கட்டாயப்படுத்தப்பட்ட கை வேலை. இரண்டும் உண்மை. பறையைக் கையில் எடுக்கிற இளைஞர்கள், அதைக் கீழே போட்டவர்களின் மானத்தையும் மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது ராத்திரி, கம்பியை நீட்டுவதும் சுருதி இறங்குவதுமாக இருந்ததில் அலுத்துப்போய், "எத்தனை தடவ வெச்சாலும் எறங்குது" என்று எனக்கு நானே முனகினேன்.

"புதுசுன்னா எறங்கத்தான் செய்யும்" என்றார் நைனா. எழுந்து உட்கார்ந்திருந்தார். "புதுத் தோலும் அப்பிடித்தான்டா. நெருப்புல காட்டணும், அடிக்கணும், எறங்கும். மறுபடி காட்டணும். அவசரப்பட்டுக் கிட்ட கொண்டுபோனா தோலு பொசுங்கிடும். தூரமா வெச்சா ஏறாது. அந்த எடம் கைக்குத்தான் தெரியும்."

பிறகு சட்டத்தில் தோலை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சுவதை, மழைக்காலத்தில் வைக்கோல் கிடைக்காமல் திண்டாடியதை எல்லாம் சொன்னார். 30 வயதான எனக்கு அதுவரை அவர் சொல்லாதது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

இந்த வருஷம் ஏப்ரல் 14-க்கு அவர் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. வீட்டுக்கு வந்து கிட்டாரைச் சுவரில் சாய்த்தபோது, கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: "கம்பி நின்னுச்சா?"

"நின்னுச்சு நைனா."

"ம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலைகளில் மையத்தில் கம்பி மாற்றுகிறோம். உங்கள் கிட்டாரையும் ஒரு செட் கம்பியையும் கொண்டு வாருங்கள், அலன் கீ எங்களிடம் இருக்கிறது. திருப்புளியை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். கதவு திறந்தே இருக்கும்.

ஜெய்பீம்.