பசி தெரியும், மிச்சம் தெரியாது

மத்திய அயோவாவில் ரக்கூன் ஆற்றை ஒட்டிய மக்காச்சோள வயல். ஜூன் கடைசி, பயிர் இடுப்புயரம். ட்ரோன் இறங்கியதும் பயிர் ஆலோசகர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். கண்ணுக்கு ஒரே பச்சையாக இருந்த வயல் அதில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. இலையில் பச்சையம் குறைந்தால் அது திருப்பி அனுப்பும் ஒளி மாறும். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவிலுள்ள அலைநீளத்தில் கேமரா அதைப் பிடித்துவிடுகிறது.

எதோடு ஒப்பிட்டு மஞ்சள் என்பது? அதற்காகவே வயலில் ஒரு பட்டைக்கு மட்டும் தழைச்சத்தைத் தாராளமாக இட்டு வைத்திருந்தார்கள். அதன் பசுமையை நூறாகக் கொண்டு, 95-க்குக் கீழே இறங்கும் இடத்தைப் பசித்த இடமாகக் கணக்கிடுகிறார்கள். ரகம் எதுவானாலும், மழை எப்படிப் பெய்தாலும் அளவுகோல் அந்த வயலுக்குள்ளேயே நிற்கிறது. ட்ரோனைவிட இந்தப் பட்டைதான் எனக்குப் பெரிய யோசனையாகப் பட்டது.

பிறகு நடை. முதல் திட்டில் அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே உள்நோக்கி மஞ்சளாகியிருந்தன: தழைச்சத்துக் குறைவு. இன்னொன்றில் அடியிலை பச்சை. குருத்திலைகளில்தான் வரிவரியாக வெளுப்பு. அது கந்தகக் குறைவு. மூன்றாவது, பள்ளம். மழைநீர் தேங்கி வேர் கறுத்துப்போயிருந்தது. படம் மூன்றையும் ஒரே நிறத்தில்தான் காட்டியது. வியர்க்க நடந்து இலையைப் புரட்டிப் பார்க்கிறவரே உரத்தைத் தீர்மானிக்கிறார்.

அதன்பின் உயரமான தெளிப்பு வண்டி வரும். அதில் தொங்கும் குழாய்கள் திரவ உரத்தை வேரடியிலேயே விடும். இடத்துக்கு இடம் அளவு மாறும்.

பச்சையாகத் தெரிந்த பகுதிகளைப் பற்றிக் கேட்டேன். "அங்கேதான் எனக்குச் சந்தேகம்" என்றார். போதுமான சத்து கிடைத்த பயிரும் தேவைக்கு மேல் கிடைத்த பயிரும் ஒரே பச்சைதான். விளைச்சல் குறைந்துவிடுமோ என்று விவசாயி கொஞ்சம் கூட்டிப் போடுகிறார்; விலையும் மழையும் கைக்குள் இல்லாதவரின் பயம் அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மிச்சம் நைட்ரேட்டாகக் கரைந்து, மண்ணுக்கடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாக ஆற்றில் சேர்கிறது. டெ மாய்ன் நகரம் குடிப்பது அந்த ஆற்றுநீரையும்தான். குடிநீரில் நைட்ரேட் வடிவிலுள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. 2025 ஜூனில் நைட்ரேட்டை நீக்கி மாளாமல், அந்த வட்டாரத்தில் புல்தரைக்குத் தண்ணீர் விடுவதையே தடை செய்தார்கள்.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தட்டைச் சோதனை அது. கதிர் முற்றியதும், தரையிலிருந்து 6 அங்குலம் விட்டு 8 அங்குலத் துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். நைட்ரேட் 2000 பிபிஎம்-ஐத் தாண்டினால் உரம் அதிகம். வான்படத்துக்குக் காசு கொடுக்கிற எந்த விவசாயியும், அறுவடைக்கு முன் பச்சைத் திட்டுகளில் தட்டை வெட்டுவதையும் சேர்த்தே செய்ய வேண்டும்.